கிரோஹெத்தா விழும் என்றார்கள்

கிரோஹெத்தா மலை விழப்போகிறது, வீடுகளைக் காலி செய்யுங்கள் என்று ஸ்தெம்டால் பள்ளத்தாக்குக்குள் போலீஸ் வண்டி வந்து சொல்லிப் போவது இது ஆறாவது தடவை. முதல் தடவை ஜனங்கள் பதறியடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி கல்யாணப் படத்தை மட்டும் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு கிளம்பினாள். இன்னொருவர் அடுப்பில் வெந்துகொண்டிருந்த ஆட்டுக்கறியையும் முட்டைக்கோஸையும் சட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். இரண்டு வாரம் நகரத்து ஓட்டலில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு கல் உருண்டது. மழை நின்றது. மலையும் நின்றது. திரும்பி வந்து ஆறிப்போன வீடுகளில் அடுப்பு மூட்டினார்கள்.

அதற்குப் பிறகு மழைக்காலம் வந்தால் இதே கூத்துதான். டிவிக்காரர்கள் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுக் காமிராவை மலைப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். மலை விழவில்லை, காமிராக்காரர்கள்தான் தூங்கி விழுந்தார்கள். நகரத்து ரொட்டிக்கடைக்காரன் 'கிரோஹெத்தா கேக்' என்று ஒன்றைச் செய்து, 'எத்தனை நாள் வைத்தாலும் சரியாது' என்று பலகை எழுதி மாட்டினான். ஸ்தெம்டால்காரர்கள் நகரத்துக்குப் போனால் யாரும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "என்ன, இன்னும் நிக்குதா?" என்றுதான் கேட்டார்கள்.

மலைக்கு நேர் அடியில் இருந்தது டோர்கெலின் பண்ணை. அறுபதைத் தாண்டியவர், செம்மறி ஆடு வளர்ப்பவர், வாய் கொஞ்சம் நீளம். முதல் இரண்டு தடவை அவரும் கிளம்பிப் போனார். மூன்றாவது தடவையிலிருந்து போகவில்லை. போலீஸ் வந்து கதவைத் தட்டினால், "உள்ள வாங்க, காபி சாப்பிடுங்க. மலை விழுந்தா சேர்ந்தே நசுங்கலாம்" என்பார். அவர் மனைவி சுன்னிவா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவள். அவள் மட்டும் ஒவ்வொரு தடவையும் பெட்டியை எடுத்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய்விடுவாள். போகும்போது சொல்வாள்: "நான் ஒண்ணும் மலைக்குப் பயந்து போகல. வருஷத்துக்கு ரெண்டு வாரமாவது அடுத்தவங்க சமைச்சதைத் திங்கலாம்னு போறேன்."

ஆறாவது தடவை போலீஸ் வண்டி வந்து போன அன்று சாயங்காலம் ஊர்க் கூடத்தில் கூட்டம் போட்டிருந்தார்கள். சோல்ருன் வந்திருந்தாள். நிலவியல் படித்தவள், எதிர்க்கரைச் சரிவில் ராடார் ஒன்றை வைத்துக்கொண்டு நான்கு வருடங்களாக அந்த மலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

"போன மாசம் ஒரு நாளைக்கு நகக்கனம் நகர்ந்துச்சு" என்றாள். "இப்ப ஒரு விரல்கனம் நகருது. இதுவரைக்கும் இவ்வளவு வேகத்தை நாங்க பார்த்ததில்ல."

"எப்ப விழும்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"அது தெரியாது."

டோர்கெல் எழுந்தார். எழுந்தாலே பாதிப் பேர் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள்.

"விழும்கிறது தெரியும், எப்பன்னு தெரியாது. இதைச் சொல்றதுக்கு ராடார் எதுக்கும்மா? நானும் சொல்றேன் கேட்டுக்க. இந்தக் கூடத்துல உக்காந்திருக்கிற அத்தனை பேரும் ஒரு நாள் சாகப்போறோம். எப்பன்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க."

கூடம் அதிர்ந்தது. சோல்ருனும் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "உங்களுக்கு ஜுரம் மணிக்கு மணி ஏறிக்கிட்டே போனா, எப்ப சாவார்னு தெரியலையேன்னு நான் சும்மா உக்காந்திருக்க மாட்டேன்" என்றாள்.

டோர்கெலின் சிநேகிதர் ஒத்தார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆற்றோரம் மரக்குடில்கள் கட்டி வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுபவர். "நாலு வருஷமா என் குடிலுக்கு ஒரு ஜெர்மன்காரன் எட்டிப் பார்க்கல" என்றார். "மலை விழுந்தா ஒரு தடவைதான் அழிவேன். உங்க பேச்சால தினம் தினம் அழிஞ்சுக்கிட்டிருக்கேன்."

"இவங்களுக்கு மலையைத் திரையில பார்த்துத்தான் பழக்கம்" என்று டோர்கெல் விடாமல் தொடர்ந்தார். "நான் முப்பது வருஷமா அந்த உச்சி வழியா ஆடு ஓட்டியிருக்கேன். அந்த மலைய எனக்குத் தெரியும்."

"கடைசியா எப்ப மேல போனீங்க?" என்று கேட்டாள் சோல்ருன்.

டோர்கெல் தாடியைச் சொறிந்தார். முழங்கால் வலி வந்த பிறகு ஆடுகளைக் கிழக்கு முகட்டு வழியாகத்தான் மேய்ச்சலுக்கு அனுப்பினார். அது ஆயிற்று எட்டு, ஒன்பது வருடம்.

"நாளைக்கு நாங்க கருவிகளைப் பார்க்க ஹெலிகாப்டர்ல போறோம். ஒரு ஆளுக்கு இடம் இருக்கு. வாங்களேன்."

எல்லோரும் அவரையே திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு அப்புறம் மாட்டேன் என்று சொல்ல டோர்கெலால் முடியவில்லை.

மறுநாள் காலை ஹெலிகாப்டர் அவர்களை உச்சிக்குப் பின்னால், உறுதியான பாறைப் பக்கம் இறக்கிவிட்டது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி. மேலே வெயில். சோல்ருன் அவர் இடுப்பில் கயிறு ஒன்றைக் கட்டி, மறுமுனையைப் பாறையில் அறைந்திருந்த இரும்பு வளையத்தில் மாட்டினாள். "நான் என்ன ஆடா?" என்றார் டோர்கெல். "ஆடுன்னா சொன்ன பேச்சைக் கேக்கும்" என்றாள் அவள்.

பத்தடி நடந்திருப்பார்கள். டோர்கெல் நின்றுவிட்டார்.

அவருக்குத் தெரிந்த இடம்தான். உச்சியின் குறுக்கே ஓடும் அந்தப் பிளவு அவர் சின்ன வயதிலிருந்தே பார்த்தது. அப்பா காலத்தில் ஆடு ஓட்டிவரும்போது சும்மா காலை எட்டி வைத்துத் தாண்டுவார்கள். ஆட்டுக்குட்டிகள் தயங்கி நின்றதால் டோர்கெல்தான் அதன்மேல் ஒரு பலகையைப் போட்டார். சுன்னிவாவைக் கட்டிக்கொண்ட வருடம் அது. சில வருடம் கழித்துப் பலகையின் ஒரு முனை விளிம்பில் நிற்காமல் வழுக்கியது. மழையில் முனை உளுத்துப்போயிருக்கும் என்று நினைத்து, கொஞ்சம் நீளமாக இன்னொன்றை அறுத்துப் போட்டார். மகளுக்குத் தேவாலயத்தில் உறுதிப்பூசுதல் சடங்கு நடந்த வருடம் அதுவும் எட்டவில்லை. அளவை மறந்து அறுத்துவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு மூன்றாவது பலகையைத் தோளில் சுமந்து ஏறினார். அது கனமான பலகை. இரண்டு பக்கமும் ஒரு முழம் மிச்சம் இருக்கும்படி போட்டிருந்தார். தன் காலத்துக்கு இது போதும் என்று நினைத்தது இப்போதும் ஞாபகம் இருந்தது.

அந்த மூன்றாவது பலகை இப்போது இந்தப் பக்கத்து ஆணியில் ஒரு முனை மட்டும் மாட்டிக்கொண்டு பிளவுக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எதிர்விளிம்பு எங்கோ தள்ளி இருந்தது. ஒரு பேருந்தைக் குறுக்கே நிறுத்தினாலும் இடிக்காது. அதைவிட, எதிர்விளிம்பு கீழே இறங்கியிருந்தது. இந்தப் பக்கத்து ஆட்டுப்பாதை பிளவில் வந்து முடிந்தது. அதன் தொடர்ச்சி எதிர்ப்பக்கம், ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே, ஒன்றும் நடக்காததுபோல் புல்லுக்குள் போய்க்கொண்டிருந்தது.

டோர்கெல் ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டார். அது எங்கெங்கோ இடித்து இடித்துப் போனது. சத்தம் சிறுத்துக்கொண்டே வந்தது; அடியில் விழுந்த சத்தம் கடைசிவரை வரவேயில்லை. உள்ளிருந்து சில்லென்ற காற்று முகத்தில் வீசியது. உருளைக்கிழங்கு நிலவறையைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. மலையின் வயிற்றுக்குள்ளிருந்து அந்த வாசனை வருவதை அவரால் தாங்க முடியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை.

சோல்ருன் பிளவின் குறுக்கே இழுத்துக் கட்டியிருந்த கம்பியருகே குனிந்து ஏதோ சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்மா, இங்க வா" என்று கூப்பிட்டார். பலகைக் கதையைச் சொன்னார். எந்த வருடம் எந்தப் பலகை, எவ்வளவு நீளம் என்றெல்லாம் சொன்னார். அவள் ஆச்சரியப்படுவாள் என்று நினைத்தார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"பழைய விமானப் படங்களை வச்சு நாங்க போட்ட கணக்கும் ஏறக்குறைய இதேதான். மொதல்ல மெதுவா, அப்புறம் கொஞ்சம் வேகமா, இப்ப ஓட்டமா."

"அப்ப மலையை அளக்கன்னு சுவிட்சர்லாந்துலேர்ந்து வந்தாங்களே, இத்தாலிக்காரங்க வந்தாங்களே, அவங்க யாரும் என் பலகையைப் பார்க்கல."

"இல்ல."

"ஆனாலும் எல்லாரும் ஒண்ணைத்தான் சொல்றாங்க."

சோல்ருன் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினாள். "நீங்க எங்க கூட்டத்துக்கு ஒரு நாள் வரணும். எல்லாத்துக்கும் சண்டைதான். எப்ப விழும், ஒரே துண்டா விழுமா, நாலு துண்டா விழுமா, ஆத்தைத் தாண்டுமா தாண்டாதா, எதுலயும் ஒத்துப்போக மாட்டோம். போன வாரம்கூட ஒருத்தர் ஃபோனைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டார். ஒரு விஷயத்துல மட்டும் யாருக்கும் சண்டை இல்ல. இது நிக்காது."

டோர்கெல் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே குட்டை மரங்களும் பாசியும் புல்லும் வெயிலில் அசையாமல் இருந்தன. சின்னப் பறவை ஒன்று புல்லில் எதையோ கொத்திக்கொண்டிருந்தது. ஒரு கிராமம் அளவுக்கு இருக்கும் அந்த இடம். அத்தனையும் சேர்ந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு சத்தமும் இல்லாமல் விலகிப் போய்க்கொண்டிருந்தது. கண்ணால் பார்க்க முடியவில்லை. ஆனால் நடந்துகொண்டிருந்தது. தான் பிறந்த நாளிலிருந்து நடந்துகொண்டிருந்தது. இதன் அடியில்தான் தூங்கினார், சிரித்தார், போலீஸுக்குக் காபி கொடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பியபோது சுன்னிவா வழக்கம்போல் பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"நானும் வரேன்" என்றார் டோர்கெல்.

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். "அந்தப் பொண்ணு என்ன சொன்னா?"

"அவ சொன்னதையேதான் சொன்னா. பலகை எட்டல, சுன்னிவா."

"எந்தப் பலகை?"

"நான் போட்டதுதான். மூணாவது பலகை."

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் பெட்டியை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு சொன்னாள்: "நாலு வருஷமா நான் சொன்னது உன் காதுக்கு எட்டல. பலகை எட்டலன்னதும் எட்டிருச்சாக்கும்."

அன்று மத்தியானத்துக்குள் ஆடுகளை லாரியில் ஏற்றி எதிர்க்கரையில் சுன்னிவாவின் தங்கை பண்ணைக்கு அனுப்பினார்கள். நாய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கிளம்பும்போது டோர்கெல், "நீ போ, நான் ஒத்தாரைக் கூட்டிட்டு வரேன்" என்றார்.

ஒத்தார் தனியாக இருப்பவர். மூன்றாவது தடவை டோர்கெல் போகாமல் நின்றபோது அவரும் நின்றார். நாலாவதுக்கும் நின்றார், ஐந்தாவதுக்கும் நின்றார். டோர்கெல் சொன்னால் சரியாக இருக்கும் என்பது அவர் கணக்கு. சமையலறையில் மேசை முன்னால் ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியுமாக உட்கார்ந்திருந்தார்.

"கிளம்புடா" என்றார் டோர்கெல்.

ஒத்தார் கட்டியைச் சீவிக்கொண்டே சிரித்தார். "என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்ல. மேல போய்ப் பார்த்துட்டு வந்தேன்."

"ஒரு தடவை ஹெலிகாப்டர்ல ஏத்தினதும் அவங்க ஆளாயிட்டியா? நீதானடா சொன்ன, இது சம்பளத்துக்காகப் பயமுறுத்துற கூட்டம்னு."

"சொன்னேன்."

"அப்ப அது பொய்யா?"

"பொய் இல்ல. தெரியாம சொன்னேன்."

பலகைக் கதையைக் கேட்டுவிட்டு ஒத்தார், "ஒழுங்கா அளந்து அறுக்கத் தெரியல, மலைமேல பழி போடுற. நான் வரல. நீ போய் ஓட்டல்ல சூப் குடி" என்றார்.

டோர்கெல் ஒரு நிமிடம் நின்றார். பிறகு காலணிகளைக் கழற்றி வாசலோரம் வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். "அப்ப காபி போடு. நானும் இருக்கேன்."

ஒத்தார் காபி போட்டார். இருவரும் குடித்தார்கள். மேலே எங்கோ கற்கள் உருளும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் புதிதல்ல. இதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு டோர்கெல் தன் வீட்டில் நிம்மதியாகக் குறட்டை விட்டிருக்கிறார். இன்று ஒவ்வொரு கல்லும் அவர் முதுகுத்தண்டில் உருண்டது. பிளவுக்குள்ளிருந்து வந்த அந்தக் காற்று இன்னும் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கோப்பையைத் தூக்கினார், காபி தளும்பி மேசையில் சிந்தியது.

"கை ஏன்டா நடுங்குது?" என்றார் ஒத்தார்.

"பயமா இருக்குடா."

ஒத்தார் அவரை உற்றுப் பார்த்தார். இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். பனிச்சரிவில் ஒரே கயிற்றில் தொங்கியவர்கள். இந்த வார்த்தையை அந்த வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை. எழுந்தார், அடுப்பை அணைத்தார், பூனையைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "மலைக்காக வரல" என்றார். "உன்னோட இந்த மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கலன்னு வரேன்."

எதிர்க்கரையில் மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். அங்கிருந்து ஆறும், தங்கள் கூரைகளும், கிரோஹெத்தாவும் நேரே தெரிந்தன. எல்லோரும் காத்திருந்தார்கள்.

மழை நின்றது. இரவில் உறைபனி விழுந்து மண் இறுகியது. மலை வேகத்தைக் குறைத்துக்கொண்டது. ஒரு விரல்கனம் அரை விரலாயிற்று, மறுபடி நகக்கனமாயிற்று. நகரத்து ரொட்டிக்கடைக்காரன் பள்ளிக்கூடத்துக்குக் கேக் அனுப்பினான், அந்தக் கேக்கைத்தான். இந்தத் தடவை பரிகாசம் சோல்ருனோடு நிற்கவில்லை. "என்ன விஞ்ஞானி, இன்னைக்கு மலை என்ன சொல்லுது?" என்று டோர்கெலைக் கேட்டார்கள். அவர் மற்றவர்களைக் கேலி பண்ணியதை எல்லாம் அவரிடமே வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்கள்.  அவர் சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார ஆரம்பித்தார்.

ஒரு நாள் தட்டில் வாஃபிளும் பெர்ரி ஜாமும் எடுத்துக்கொண்டு ராடார் கொட்டகைக்குப் போனார். சோல்ருன் திரையில் ஓடும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தின்னுட்டுப் பாரு" என்று தட்டை நீட்டினார். "கோடு என்ன சொல்லுது?"

"மெதுவாயிருக்கு. மேலதிகாரிங்க ஃபோன் மேல ஃபோன். ஜனங்களைத் திருப்பி அனுப்புன்னு சொல்றாங்க. நான் இன்னும் கொஞ்சம் பொறுங்கன்னு கெஞ்சிக்கிட்டிருக்கேன்."

"நீ சொன்னது தப்பா இருந்தா?"

அவள் வாஃபிளை மென்றுகொண்டே யோசித்தாள். "நாள்ல தப்பா இருக்கலாம். இந்த மழைக்கு விழாம அடுத்த மழைக்கு விழலாம். அப்ப இவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்னு தெரியல. ஆனா நீங்களும்தான் பார்த்தீங்களே, அந்தப் பக்கம் எங்க இறங்கி நிக்குதுன்னு."

பார்த்தேன் என்று டோர்கெல் சொன்னார். திரும்பி நடக்கும்போது மலையைப் பார்த்தார். அது நூறு தலைமுறையாய் நின்றதுபோலவே நின்றது. அந்த வெயிலில் அதைப் பார்க்கிற எவனுக்கும் தான் சொல்வது பைத்தியக்காரத்தனமாகத்தான் தோன்றும் என்று அவருக்கே தோன்றியது. பிளவின் ஓரத்தில் நின்றிராவிட்டால் நானும் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்தார் பூனைக்கூண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பாலத்துக்குக் கிளம்பிவிட்டார். டோர்கெல் பின்னாலேயே ஓடினார். பாலத்தில் தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் இளம் போலீஸ்காரி ஒருத்தி நின்றாள்.

"வீட்டுக்குத்தான் போறேன். என் வீடு. விடும்மா" என்றார் ஒத்தார்.

"விட முடியாது, ஐயா."

"உன் கை நடுங்கினாலும் சரி, கால் நடுங்கினாலும் சரி, இன்னைக்கு நான் போறேன்" என்று டோர்கெல் பக்கம் திரும்பிச் சொன்னார். "இன்னும் எத்தனை நாள்தான்..."

அவர் முடிக்கவில்லை. மலையின் முகப்பிலிருந்து அண்டங்காக்கைகள் கூட்டமாகக் கிளம்பின. அத்தனையும் ஒரே நேரத்தில், ஒன்றுகூடக் கத்தாமல்.

டோர்கெல் நிமிர்ந்து பார்த்தார். வானத்தில் உச்சியின் கோடு மாறியிருந்தது. எங்கே மாறியது என்று முதலில் புரியவில்லை. உச்சிக்குப் பின்னால் மேகம் நகர்கிறது என்று நினைத்தார். வானத்தில் மேகமே இல்லை. உச்சிதான் நகர்ந்தது. அவசரமே இல்லாமல், பெரிய கப்பல் துறையை விட்டு விலகுவதுபோல, மரங்களும் பாசியும் ஆட்டுப்பாதையும் அப்படியே நிற்க, நின்றவாக்கிலேயே கீழே இறங்கியது. சத்தம் இல்லை. அந்தச் சத்தமின்மையை அவர் பிற்பாடு எத்தனையோ பேருக்குச் சொல்லப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். ஒரு மலை இறங்குகிறது, ஆறு ஓடும் சத்தமும் பூனை கத்தும் சத்தமும் காதில் கேட்கின்றன.

பிறகு அது உடைந்தது. முகம் முழுவதும் ஒரே நொடியில் கறுப்புக் கோடுகள் ஓடின. பாறை பாறையாய், பின்பு பாறை என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்றாய், தண்ணீர்போலப் பாய்ந்தது. அப்போதுதான் சத்தம் வந்தது. காதில் கேட்பதற்கு முன் பாதத்தில் கேட்டது. பாலத்தின் இரும்பு அதிர்ந்தது, பல் அதிர்ந்தது, நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. போலீஸ்காரி ஒத்தாரின் தோளைப் பற்றிப் பின்னால் இழுத்தாள். எல்லோரும் மேட்டுப்பக்கம் ஓடினார்கள். டோர்கெல் ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் பள்ளத்தாக்கை நிறைத்துக்கொண்டு எழுந்தது. அதற்கு முன்னால் காற்று வந்தது. ஆற்றின் அந்தக் கரையில் பிர்ச் மரக்காடு முழுவதும், யாரோ கையால் தடவிவிட்டதுபோல, ஒரே பக்கமாகப் படுத்தது. காற்று அவரையும் பிடித்துப் பள்ளிக்கூட மேட்டில் மண்டியிட வைத்தது. பிறகு சூரியன் இல்லை. புழுதி மட்டும்தான் இருந்தது. கல்லோடு கல் உரசினால் வரும் கந்தக நெடி மூக்கில் ஏறியது.

எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூட வாசலில் ஊரே நின்றது. குழந்தைகள்கூட அழவில்லை. புழுதி மெள்ள இறங்கியது, மாவு சலித்ததுபோல் எல்லோர் தலையிலும் தோளிலும். திரை விலகியதும் பார்த்தார்கள். கிரோஹெத்தா இருந்த இடத்தில் வானம் இருந்தது. அதற்குக் கீழே, மலையின் உள்பக்கம் தெரிந்தது. உலகம் உண்டான நாள்முதல் யாரும் பார்த்திராத பாறை, இளஞ்சிவப்பாய், ஈரமாய், பச்சைக் காயம்போல வெயிலில் மின்னியது. அதன் அடியில் டோர்கெலின் பண்ணை இருந்த இடத்தில் ஒரு புதுக் குன்று நின்றது.

டோர்கெலுக்கு அழுகை வரவில்லை. வீடு போனது அவருக்கு உறைக்கவே இல்லை. அவ்வளவு பெரியதைப் பார்த்துவிட்டு ஒரு வீட்டை நினைக்க மனதில் இடம் இருக்கவில்லை.

சுன்னிவா வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் புருவமெல்லாம் புழுதி.

"அடுப்பை அணைச்சேனா இல்லையான்னு இத்தனை நாளா யோசிச்சுக்கிட்டே இருந்தேன்" என்றாள். "இனிமே யோசிக்க வேண்டாம்."

ராடார் கொட்டகை வாசலில் சோல்ருன் நின்றாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியிருந்தாள். டோர்கெல் போய் அவள் பக்கத்தில் நின்றார். நான்கு வருடம் ஊர் சிரித்ததற்கு இன்று அவள் நிமிர்ந்து பார்த்திருக்கலாம். அவள் மலை இருந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழும் விழும்னு நான்தானே சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றாள். "விழறதைப் பார்த்தப்ப என்னாலயே நம்ப முடியல."

டோர்கெல் தன் தொப்பியிலிருந்த புழுதியைத் தட்டினார். "உன்னாலயே முடியலன்னா எங்களை ஏம்மா குறை சொன்ன?" என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

பிறகு ஜனங்கள் ஒவ்வொருவராக அவளிடம் வந்தார்கள். நன்றி என்று யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது வராது. ஒருவர் தெர்மாஸிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். ஒருத்தி தன் கம்பளிச் சால்வையைக் கழற்றிப் போர்த்திவிட்டாள். எல்லோரும் அவளைச் சுற்றி நின்று ஒரே திசையில் பார்த்தார்கள். ஒரு உயிரும் போகவில்லை. ஆட்கள் இருந்தார்களா என்று தலையை எண்ணியபோது எல்லோரும் இருந்தார்கள்.

ஒத்தாரின் வீடு தப்பித்தது. கல் அவருடைய வேலிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. கூரையும் இருந்தது. கண்ணாடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. சமையலறையில் முழங்காலளவு புழுதி, அதன் நடுவே மேசை அசையாமல் நின்றது. ஆற்றோரக் குடில்களில் இரண்டை மட்டும் காணவில்லை. வாரங்கள் கழித்து அனுமதி கிடைத்து இருவரும் போய்ப் பார்த்தார்கள்.

"இந்தா, இதே நாற்காலியில உக்காந்திருப்பேன். ஒரு கீறல்கூட விழுந்திருக்காது" என்றார் ஒத்தார்.

"சத்தத்துலயே செத்திருப்ப."

ஒத்தார் புழுதியைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "அது என்கிட்ட வராதுன்னு அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார். பிறகு துடைப்பத்தைத் தேடினார்.

குளிர்காலத்தில் டோர்கெலும் சுன்னிவாவும் எதிர்க்கரையில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனார்கள். ஸ்தெம்டாலில் நவம்பர் பிறந்தால் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். பிப்ரவரி பாதி கழிந்துதான் மறுபடி எட்டிப் பார்க்கும். அன்று பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டு எல்லோரும் வாசலில் நின்று காபி குடிப்பார்கள். அந்த ஜனவரியில் ஒரு நாள் மத்தியானம் டோர்கெல் ஆடுகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். பனிமேல் ஏதோ கறுப்பாய் அசைந்தது. திடுக்கிட்டுப் பார்த்தார். அவருடைய நிழல்.

நிமிர்ந்தார். கிரோஹெத்தா இருந்த இடைவெளியில் சூரியன் நின்றது. ஒரு மாதம் முன்னதாக. இந்த ஊரில் ஜனவரி மாதத்தில் நிழல் விழுந்து யாரும் பார்த்ததில்லை. ஆடுகள் தின்பதை நிறுத்திவிட்டு ஒளிப்பக்கம் தலையைத் திருப்பின. அவற்றின் கம்பளியில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாய்ப் பொன்னாய்த் தெரிந்தது. பள்ளத்தாக்கின் மேலும் கீழும் கதவுகள் திறந்தன. ஜனங்கள் போட்டது போட்டபடி வெளியே வந்து நின்றார்கள். ஒத்தார் கையில் கரண்டியோடு வந்தார். சுன்னிவா பேருந்தை நடுவழியில் நிறுத்திவிட்டுக் குழந்தைகளை இறக்கிவிட்டாள்.

டோர்கெல் சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்துச் சோல்ருனைக் கூப்பிட்டார். அவள் இப்போது வேறொரு மலைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றாள் பதற்றத்தோடு.

"வெயில் வந்திருக்கு."

"ஜனவரியிலயா?"

"ஆமா. உன் கணக்குல இது இருந்துச்சா?"

"இல்ல" என்றாள். "எங்க யாருக்குமே இது தோணல."

டோர்கெல் ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். அவளும் வைக்கவில்லை.